தயவுசெய்து காத்திருக்கவும்

அத்தியாயம் 11

ஒரு மனைவி தன் சொந்தச் சமையலறையில் நின்று தனியாகச் சிரிப்பது எந்த ஊர்ச் சட்டப்படியும் குற்றமில்லை. அப்படியிருந்தும், போன வாரம் நம் மேனேஜரைச் சமையலறை வாசலில் காலி டம்ளரும் கையுமாக விட்டுவிட்டு வந்தோமே, அந்த மனிதர் இன்னும் அங்கிருந்து நகரவில்லை. உடம்பு நகர்ந்துவிட்டது, படுத்தது, எழுந்தது, பல் தேய்த்தது. மனசு மட்டும் அதே வாசலில் அதே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தது.

அவர் பார்த்தது இவ்வளவுதான். மனைவியின் கையில் செல்போன். கட்டைவிரல் ஓடியது, நின்றது. போன் லேசாகச் சிணுங்கியது. அம்மாள் படித்தாள். படித்துவிட்டு, இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் ஒருமுறைகூட வரவழைத்திராத ஒரு சிரிப்பைச் சிரித்தாள். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

சத்தம் வந்திருந்தாலாவது ஏதோ ஜோக் என்று விட்டிருப்பார்.

மேனேஜரை இதுவரை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. துணி துவைக்கும் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பிரிவு அவருடைய ஆட்சியில் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு நீங்கள் போன் செய்தால், ஆள் வருவதற்கு முன்னால் அவர் குரல் வரும். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்.' இந்த இரண்டு வரியைப் பதிவு செய்த நாளிலிருந்து அவர் உப்பு கேட்டால்கூட அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். பச்சைத்தண்ணீர் தொண்டையில் இறங்காது, வெந்நீர்தான். வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் மப்ளர். ஆபீசில் அவருக்குத் 'தயவுசெய்து சார்' என்று பேர். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பட்டம் என்று நினைத்து வாசலில் எழுதி மாட்டியிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் மெசேஜ் அனுப்புவாரா? "அதெல்லாம் குரல் இல்லாதவங்க பண்ற வேலை" என்பார். அனுப்புவதில்லை, வருவதைப் படிப்பதும் இல்லை. அவர் போனில் படிக்காத மெசேஜ்களின் எண்ணிக்கை ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகையை எட்டியிருந்தது.

அன்று காலை விசாரணையைத் தொடங்கினார்.

அம்மாள் தையல் மேசையில் இருந்தாள். கடைத்தெருவில் உள்ள துணிக்கடைக்கு வருகிறவர்கள் வாங்கும் பேன்ட்டுகளை நீளம் பார்த்து மடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கழுத்தில் இஞ்சு டேப், மடியில் யாரோ ஒரு குள்ள மனிதரின் பேன்ட், உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள்.

"நேத்து போன்ல யாரு?" என்றார் மேனேஜர், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி.

"ம்ம்."

"யாருன்னு கேட்டேன்."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் தலையணையில் குத்தினாள். குத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன கேட்டீங்க?"

நேருக்கு நேர் பார்த்தவுடன் மேனேஜருக்குத் தைரியம் வடிந்துவிட்டது.

"இல்ல... டீ ஆச்சான்னு கேட்டேன்."

"கையிலதானே வச்சிருக்கீங்க."

டீயைக் குடித்தார். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் செல்போன் குப்புறக் கிடந்தது. முன்பெல்லாம் நிமிர்ந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில் வீட்டு போன். அந்த வீட்டு போன் முன்னறையில், தனி ஸ்டாண்டில், பூப்போட்ட உறைக்குள் ராஜா மாதிரி வீற்றிருந்த போன். அதை அம்மாள் போன மாதம் தூக்கிக்கொண்டு வந்து, சாக்கட்டிக்கும் நூல்கண்டுக்கும் நடுவே உட்கார்த்திவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த போன் முன்னறையில் இருந்த காலத்தில் பொறாமைக்குக் காது இருந்தது. யார் கூப்பிட்டாலும் பாதிப் பேச்சு வீடு முழுக்கக் கேட்கும். "ஆமா... அப்படியா... ஐயையோ" என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு மறுமுனையில் யார், என்ன சங்கதி, எவ்வளவு நேரம் இழுக்கும் என்று பேப்பர் படித்துக்கொண்டே சொல்லிவிடுவார். இப்போது ஒரு கட்டைவிரல் மட்டும் ஓடுகிறது. கட்டைவிரலை ஒட்டுக்கேட்க முடியுமா?

ஆபீசுக்குப் போனார்.

அங்கே வேறொரு கட்டைவிரல் காத்திருந்தது. மெசேஜில் வருகிற புகார்களைப் பார்க்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். ஜன்னல் ஓர மேசை, காதில் பாட்டு, வாயில் மிட்டாய். ஒரே நேரத்தில் பத்து வீட்டு மெஷினுக்குப் பதில் அடித்துக்கொண்டிருப்பாள். யாரையும் காத்திருக்கச் சொல்வதில்லை. அதுதான் மேனேஜருக்கு அவளிடம் பிடிக்காத விஷயம்.

"இன்னைக்கு லைன் அமைதியா இருக்கே" என்றார் மேனேஜர்.

"லைனே இல்லையே சார்."

"என்னம்மா சொல்ற?"

"இன்னையிலிருந்து எல்லாம் மெசேஜ்தான் சார். போன் பண்ணா, 'இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்புங்க'ன்னு மெஷின் குரல் ஒண்ணு வரும். தலைமை ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"போன வாரமே உங்களுக்கு மெசேஜ் அனுப்பினாங்களே சார்."

மேனேஜர் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனி நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். யாரோ ஒரு பெண். இரும்பும் தேனும் கலந்த மாதிரி ஒரு குரல். தயவுசெய்து என்ற சொல்லே அதில் இல்லை. மப்ளரைத் தளர்த்திக்கொண்டார்.

உலகம் முழுக்கக் கைவிட்டாலும் மதிய போன் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நடந்துவரும் ஏற்பாடு அது. சாப்பாட்டு வேளையில் வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். "சாப்பிட்டாச்சா?" என்பார். "ஆச்சு" என்பாள். "சரி" என்று வைத்துவிடுவார். எப்போதும் அவர்தான் வைப்பார். பெரிய ஆட்கள்தான் போனை முதலில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அன்றும் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

'சரி' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் செல்போன் சிணுங்கியது. தொடர்ந்து மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்புக் காற்று.

"சரி, வைக்கட்டுமா?" என்றாள் அம்மாள்.

வைத்தும் விட்டாள்.

மேனேஜர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பதவி போனால் வேறு வேலை பார்க்கலாம். குரல் போனால் வெந்நீர் குடிக்கலாம். மனைவி முதலில் போனை வைத்துவிட்டால் மனிதன் எங்கே போவான்?

மகளிடம்தான் போவான்.

மகள் பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். அப்பா உள்ளே நுழைந்தபோது அவளும் தன் போனை முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணம் பேசி முடித்திருக்கிற பையனுக்குக் காலையில் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. அதற்கு நடுவே அவன் அக்காவின் குழந்தை போட்டோவுக்கு இதயம் போட்டிருந்தான். ஒரு குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பட்டாள்.

"என்னப்பா இந்த நேரத்துல?"

"பல் வலி."

"எந்தப் பல்லு?"

"பொதுவா." மேசைமீது குனிந்தார். அறிவிப்புக் குரலை அடக்கி ரகசியக் குரலில் பேசினார். அப்படியும் காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒருத்தர் யார்கூட மெசேஜ்ல பேசறாங்கன்னு வெளியில இருந்து கண்டுபிடிக்க முடியுமா?"

"யாரு அந்த ஒருத்தர்?"

"பொதுவா."

"அம்மாவா?"

மேனேஜர் சுவரில் ஒட்டியிருந்த ஈறு நோய்ப் படத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"அம்மாகிட்டயே கேளுங்களேன்பா."

"கேட்டா சந்தேகப்படறேன்னு நினைப்பா."

"சந்தேகப்படலையா?"

"இல்ல. தெரிஞ்சுக்க ஆசைப்படறேன்."

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பா விடவில்லை. "நீயே சொல்லு. பேசணும்னா போன் பண்ண வேண்டியதுதானே? உன் ஆளு ஒருநாளாவது போன் பண்றானா?"

"எதுக்குப் போன் பண்ணணும்?"

"பேசறதுக்குத்தான்!"

"பேசறதுக்கு மெசேஜ் இருக்குப்பா. போன் பண்றதெல்லாம் யாராவது செத்தாத்தான். சொல்லாம கொள்ளாம போன் பண்றது, தட்டாம கதவைத் திறக்கற மாதிரி. முதல்ல 'பேசலாமா?'ன்னு மெசேஜ் பண்ணணும். அவங்க சரின்னு சொன்னா..."

"உன் அம்மாவுக்குப் போன் பண்ண நான் அனுமதி வாங்கணுமா?"

குரல் எகிறிவிட்டது. உள்ளே இருந்து பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "வலி தாங்கலையா சார்? பாவம், இப்படிக் கத்தறார். முதல்ல இவரை உள்ள அனுப்பும்மா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்தார். காத்திருந்தவர்கள் பரிதாபத்தோடு வழிவிட்டார்கள். வலி இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மப்ளரைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார்.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னார். சின்னக் கண்ணாடியை விட்டுத் துழாவினார். துழாவியவர் ஓரிடத்தில் நின்றார்.

"இந்தப் பல்லா வலிக்குது?"

"ஆ" என்றார் மேனேஜர். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது ஆமாவும் இல்லையும் ஒரே மாதிரிதான் வரும்.

"ஆச்சரியமா இருக்கே. இது உள்ள செத்துப் போய் ரொம்ப காலமாச்சு சார். வெளியில பார்க்க நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

மேனேஜரின் கண்கள் விரிந்தன. பதில் சொல்வதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

வெளியே வந்தபோது ஒரு பல் குறைவாகவும், ஒரு கன்னம் அதிகமாகவும் இருந்தார். உதட்டின் ஒரு பக்கம் அவருக்குச் சொந்தமானது போலவே தெரியவில்லை. பல் இருந்த இடத்தில் பஞ்சு.

"கடிச்சிக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது."

மகள் மப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டு, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அடித்தாள். அது உடனே படிக்கப்பட்டது, உடனே பதிலும் வந்தது. அம்மா இவ்வளவு வேகமாக எப்போது பழகினாள் என்று மகளுக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது.

வீட்டில் வெயில் தாழ்ந்து, தையல் மேசைமேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மேனேஜர் கதவைத் திறந்ததும் அம்மாள் எழுந்து வந்தாள். ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருப்பதில் அவர் நல்ல பயிற்சி உள்ளவர்.

"உட்காருங்க. உங்க பொண்ணு மெசேஜ் பண்ணினா. 'அப்பாவுக்குப் பல் பிடுங்கியாச்சு. ஒரு மணி நேரம் பேச மாட்டார். உனக்கு என்னோட அன்பளிப்பு'ன்னு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவர் கன்னத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "ரொம்ப வலிக்குதா?"

தலையை ஆட்டினார்.

ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவர அவள் சமையலறைக்குப் போனாள். செல்போன் மேசைமேல் கிடந்தது. அவசரத்தில் அதைக் குப்புறப் போட மறந்திருந்தாள்.

போன் சிணுங்கியது. வெளிச்சம் வந்தது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். மெசேஜ் அனுப்பிய ஆளின் பேர் 'அவர்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு போட்டோ. கோட்டு, மப்ளர், கையில் மைக். கம்பெனி ஆண்டுவிழாவில் எடுத்தது. அவருடைய போட்டோ.

கீழே: 'இன்னைக்கு முட்டி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறலைதானே?'

மேனேஜர் முதலில் செய்த காரியம், தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. போன் பையிலேயே இருந்தது. நாம் அனுப்பவில்லை. நமக்கு அனுப்பவும் தெரியாது. அப்படியானால் நம் முகத்தை மாட்டிக்கொண்டு நம் பெண்டாட்டியின் முட்டியை விசாரிக்கிறவன் எவன்?

உலகத்தில் எத்தனையோ புருஷர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். தன் போட்டோவைப் பார்த்தே காதில் புகை விட்டவர் அநேகமாக இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கத்த வேண்டும். பஞ்சு இருந்தது. அதோடு கத்திப் பார்த்தார். "ஆ... அவோ..." என்று ஏதோ வந்தது; உப்புக் கரித்தது. பயந்துபோய் வாயை மூடினார். வேறு வழியே இல்லை. தன் போனை எடுத்தார். மகள் என்றைக்கோ போட்டுக் கொடுத்திருந்த மனைவியின் நம்பரைத் தேடிப் பிடித்தார். ஒற்றை விரலால், கோழி தீனி பொறுக்குகிற மாதிரி, எழுத்தெழுத்தாகக் குத்தி, தன் வாழ்க்கையின் முதல் மெசேஜை அனுப்பினார்.

அம்மாள் ஐஸோடு வந்தாள். போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

"ஏதோ புது நம்பர். ஒன்பது ஒன்பதா முடியுது. 'யார் அது'ன்னு கேக்குது. நம்மளைத் தேடி வந்து நம்மளையே யாருன்னு கேக்குது பாருங்க. என்ன திமிரு!"

மேனேஜர் தன் மார்பைத் தட்டிக் காட்டினார்.

"என்ன? நெஞ்சு வலிக்குதா?"

போனைத் தூக்கிக் காட்டினார். மறுபடி மார்பைத் தட்டினார்.

அம்மாளுக்குப் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஓ. இதுதான் உங்க புது நம்பரா?" என்றாள். "அழகாத்தான் இருக்கு."

புது நம்பர் சங்கதி மேனேஜருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடம் பதவி உயர்ந்தபோது, அந்தஸ்துக்கு ஏற்ற நம்பர் வேண்டும் என்று அலைந்து வாங்கியது அது. பழையதைத் தூக்கி எறிந்தார். புது நம்பரை ஆபீஸ் முழுக்கச் சொன்னார், சொந்தக்காரர்களுக்குச் சொன்னார், முடிவெட்டுகிறவரிடம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரண்டு தரம் சொன்னார். வீட்டில்தான்... வீட்டில் எதற்கு? அவர்தானே கூப்பிடுவார், அதுவும் வீட்டு போனில். அவள் கூப்பிடக் கூடாது என்பது பழைய உத்தரவு. 'ஆபீஸ் நேரத்துல கூப்பிடாத. ஏதாவதுன்னா மெசேஜ் பண்ணு, பார்த்துக்கறேன்.'

"பண்ணினேன்" என்றாள் அம்மாள். "வருஷக்கணக்கா பண்ணினேன். தையல் மெஷின் பெல்ட்டு அறுந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க. மேல் வீட்டுக்காரங்க விடிய விடிய மேசையை இழுக்கறாங்க. எனக்கு முட்டி வலிக்குது. ஒண்ணுக்கும் பதில் வராது. நீங்க நம்பரை மாத்தினது எனக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? அப்பவும் பதில் வரல, இப்பவும் பதில் வரல."

மேனேஜர் "அவோ" என்றார்.

"பேசாதீங்க, ரத்தம் வரும். ஒருநாள் ஒரு பேன்ட்டுக்கு நடுவுல உட்கார்ந்து, 'முட்டி ரொம்ப வலிக்குது, போன் அடிச்சா எந்திரிச்சு முன்னறைக்கு ஓட முடியல'ன்னு போட்டேன். பதில் வந்துச்சு. 'போனைப் பக்கத்துல மாத்தி வச்சுக்கலாமே'ன்னு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்கன்னு நினைச்சேன். அந்த நம்பருக்கு நான் போட்டு வச்ச உங்க போட்டோதானே வருது. அன்னைக்கே போனை இங்க தூக்கிட்டு வந்து வச்சேன். சாயங்காலம் நீங்க வந்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. அப்பவும் நினைச்சேன், இந்த மனுஷனுக்கு நேர்ல காட்டிக்க வெக்கம், மெசேஜ்லதான் வாய் வருதுன்னு. ரெண்டு நாள் நான் நடந்த நடை உங்களுக்குத் தெரியாது. முட்டியே வலிக்கல."

மேனேஜரின் கையில் ஐஸ் உருகி மப்ளருக்குள் இறங்கியது.

"மூணாவது நாள், 'மன்னிச்சுக்கோங்க'ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அந்த வார்த்தையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது நீங்க இல்லைன்னு. 'நான் உங்க வீட்டுக்காரர் இல்லைங்க, இந்த நம்பர் எனக்குப் புதுசா வந்தது, முதல்லயே சொல்லியிருக்கணும்'னு எழுதியிருந்துச்சு. அழுதேன். அப்புறம், 'பரவாயில்ல'ன்னு போட்டேன். 'முட்டி?'ன்னு கேட்டுச்சு. சொன்னேன். அவ்வளவுதான். அவங்க வீட்டுப் பூனை துவைக்கிற மெஷின் மேலதான் தூங்குமாம். மெஷினை ஓட்டவே முடியலையாம். நேத்து அதுக்குத்தான் சிரிச்சேன்."

கேள்விகள் மேனேஜருக்குள் வரிசை கட்டி நின்றன, வாசலில் பஞ்சு. போனைக் குத்தினார். அவள் போன் சிணுங்கியது.

"'பேரை ஏன் மாத்தல.'" வாசித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாத்தப் பார்த்தேன். மனசு வரல. அந்தப் பேர்ல இருந்து ஒரு நல்ல வார்த்தை வர்றதைப் பார்க்க நல்லா இருந்துச்சு."

இதற்கு ரத்தமே வந்திருக்கலாம் என்று இருந்தது மேனேஜருக்கு.

மறுபடி குத்தினார். 'நிறுத்து.'

"நிறுத்தலாம். முட்டி எப்படி இருக்குன்னு அப்புறம் யாரு கேப்பாங்க?"

விரல் வெகுநேரம் போனுக்கு மேலே அலைந்தது. கடைசியில் இறங்கியது. 'நான்.'

அம்மாள் அந்த ஒற்றை வார்த்தையை, துணியில் தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் பொறாமை சும்மா இருக்குமா? அடுத்த மெசேஜ் பறந்தது. 'ஆணா பெண்ணா.'

"கேக்கல."

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார்.

"நிஜமா கேக்கல. குரலே கேட்டதில்ல. குரலை வச்சு என்ன பண்றது, நான்தான் இத்தனை வருஷமா கேட்டாச்சே."

குரலையா சொல்கிறாள்? எந்தக் குரலை? கம்பெனிக்கே வாயாக இருந்த குரலை! மேனேஜருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தார். டாக்டரம்மா, பஞ்சு, ரத்தம் எல்லாம் மறந்துபோயிற்று. யாராக இருந்தாலும் சரி, குரலைக் கேட்டே ஆக வேண்டும். ஒருகாலத்தில் தன் பேரைவிட அதிகமாகச் சொல்லிப் பெருமைப்பட்ட அந்தப் பழைய நம்பரை, பார்க்காமலே விரல் போட்டது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வெட்டப்பட்டது.

மறுபடி போட்டார். மறுபடி வெட்டப்பட்டது.

அம்மாளின் போன் சிணுங்கியது. 'அவர்.' அவளே உரக்க வாசித்தாள்.

"'தெரியாத நம்பர் ஒண்ணு விடாம கூப்பிடுது. ஒன்பது ஒன்பதா முடியுது. சொல்லாம கொள்ளாம போன் வந்தா எனக்குப் பயம். என்ன பண்ணட்டும்?'"

ஊரையே காத்திருக்கச் சொன்ன மனிதர், தன் மனைவியின் கட்டைவிரலைப் பார்த்தபடி காத்திருந்தார். அது யோசித்தது. ஓடியது. நின்றது. ஒரு வார்த்தையை அழித்தது. மறுபடி ஓடியது.

அனுப்பிவிட்டாள்.

'என்ன போட்டே?' என்று கையை விரித்துக் கேட்டார். அம்மாள் தன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜரின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் அவருடைய பழைய நம்பர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கையால் பஞ்சை எடுத்தார். மரத்துப்போன உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். 'ஹலோ' என்று ஒத்திகை பார்த்தார். வந்தது ஹலோ இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். 'நீ பேசேன்' என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"எடுங்க" என்றாள் அம்மாள். "உங்க நம்பர்தானே."

பிறகு பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, ஊசித் தலையணையிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

போன் அடித்துக்கொண்டிருந்தது.